வெப்பத்தையும் குளிரையும் சேமித்தல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பகுதிகளில் கூட்டுறவுச் சங்கங்களிலோ பால் சேகரிப்பு நிலையங்களிலோ மீன் வாடிகளிலோ சூரிய மின்சாரம் பற்றிப் பேச உட்கார்ந்தால், பற்றரி விலையில் தொடங்கும் பேச்சு சிறிது நேரத்தில் மணலுக்கும் உப்புக்கும் ஐஸுக்கும் வந்துவிடுகிறது. ஊருக்கு ஊர் முகங்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாம் மட்டுமட்டானவை. திட்டம் போடும் முன் உங்கள் இடத்து அளவுகளை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

1. வெப்பத்தைச் சேமிப்பது என்றால் என்ன? அதுவும் பற்றரி மாதிரித்தானா?

பழைய வெதுப்பகங்களில் விறகுப் போறணையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளே விறகை எரிப்பார்கள். தணலை வாரி வெளியே தள்ளுவார்கள். அதன் பிறகுதான் பாண் மாவு உள்ளே போகும். நெருப்பு அணைந்த போறணையில் பாண் வேகிறது என்றால், செங்கல் வாங்கி வைத்திருக்கும் சூடுதான் காரணம். வெப்பச் சேமிப்பும் இவ்வளவுதான்: ஒரு நேரத்தில் கிடைக்கும் சூட்டையோ குளிரையோ ஒரு பொருளில் ஏற்றி வைத்து, வேறொரு நேரத்தில் எடுத்துக்கொள்வது.

பற்றரி மின்சாரத்தை வாங்கி மின்சாரமாகவே திருப்பித் தருகிறது. வெப்பக் களஞ்சியம் பெரும்பாலும் வெப்பத்தையோ குளிரையோதான் தரும். அதைக் கொண்டு மின்விளக்கு எரிக்க முடியுமா என்பதற்கு 10ஆம் கேள்வியில் பதில் இருக்கிறது.

2. எத்தனை வகை இருக்கிறது?

மூன்று. முதலாவது, ஒரு பொருளைச் சும்மா சூடாக்கி வைப்பது: தண்ணீர், கல், மணல், செங்கல். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க 4.2 கிலோயூல் வேண்டும். 1000 லீற்றர் தொட்டியை 40 பாகை ஏற்றினால் ஏறக்குறைய 46 அலகு வெப்பம் உள்ளே இருக்கும். (அலகு என்று நான் சொல்வது மின்பட்டியலில் வரும் அதே கிலோவாற்று மணிதான்.) எடைக்கு எடை பார்த்தால் மணல் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தையே ஏற்கும். ஆனால் தண்ணீர் 100 பாகையில் கொதித்துவிடும். மணலை 600 பாகைவரை கொண்டுபோகலாம்.

இரண்டாவது, பொருள் உருகும்போது வாங்கி, உறையும்போது திருப்பித் தரும் வெப்பம். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோயூல் தேவை. அதே ஒரு கிலோ தண்ணீரை 80 பாகை சூடாக்கும் அளவு அது. அதனால்தான் குளிரைச் சேமிக்க ஐஸுக்கு நிகராக இன்னும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வகை இரசாயன முறை: சில உப்புகளிலிருந்து ஈரத்தைப் பிரித்து வைத்து, பின்பு சேர்க்கும்போது சூடு எடுப்பது. பெரும்பாலும் ஆய்வுகூடத்திலும் மாதிரி நிலையங்களிலும் இருப்பது. நாம் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

3. சூடு ஆறிப்போகாதா? எவ்வளவு நேரம் நிற்கும்?

ஆறும். எவ்வளவு வேகமாக என்பதை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன: காப்பின் (சூடு ஓடாமல் சுற்றிப் போடும் உறையின்) தடிப்பு, களஞ்சியத்தின் பருமன். ஒரு தொட்டியின் நீள, அகல, உயரத்தை இரட்டிப்பாக்கினால் உள்ளே பிடிக்கும் அளவு எட்டு மடங்காகிறது. வெப்பம் ஓடும் மேற்பரப்போ நான்கு மடங்குதான். அதனால் பெரிய களஞ்சியம் தாமதமாக ஆறும்.

காப்பின் தடிப்பை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஒரு மீற்றர் நீள, அகல, உயரமுள்ள ஐஸ் பெட்டிக்கு நான்கு அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) வைத்தால், கடும் வெயிலிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 கிலோ ஐஸ் உருகும். ஒரு அங்குலம் மட்டும் வைத்தால் 70 கிலோ. மூடியைத் திறந்து மூடும் இழப்பு வேறு. இயந்திரத்துக்கு இலட்சங்களைக் கொட்டிவிட்டு ரெஜிபோமில் மிச்சம் பிடிப்பவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு ஐஸ் கட்டியை மண்ணில் ஊற்றுகிறார்கள்.

4. ஐயா, இங்கே வெயிலே ஆளை எரிக்கிறது. இந்தச் சூட்டையும் சேமித்து வைத்து என்ன செய்வது?

நல்ல கேள்வி. இணையத்தில் கிடைக்கும் கட்டுரைகளில் பாதி பனி விழும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே வீட்டைச் சூடாக்குவதுதான் பெரிய செலவு. கனடாவின் ஒக்கோடோக்ஸ் ஊரில் 52 வீடுகளுக்குக் கோடை வெயிலை நிலத்துக்குள் துளைகள் வழியே இறக்கி வைத்துக் குளிர்காலத்தில் எடுத்தார்கள். 2007இல் தொடங்கிய அந்தத் திட்டம் சூடாக்கும் தேவையில் 90 சதவீதத்துக்கு மேல் வெயிலாலேயே நிறைவேற்றிய ஆண்டுகள் உண்டு. டென்மார்க்கின் வோயன்ஸ் ஊரில் இரண்டு இலட்சம் கன மீற்றர் வெந்நீர்க் குழி இருக்கிறது. வன்னியில் யாருக்கும் அது வேண்டாம்.

நமக்கு வேண்டியது பெரும்பாலும் குளிர்: பாலுக்கு, மீனுக்கு, தடுப்பூசிக்கு. சூடு தேவைப்படும் இடங்கள் சில உண்டு: அரிசி ஆலை, வெதுப்பகம், பால் கலன் கழுவுமிடம், மருத்துவமனை. எனவே 'என்ன சேமிக்கலாம்' என்று கேட்கும் முன் 'கடைசியில் என்ன வேண்டும்' என்று கேளுங்கள். குளிர் வேண்டுமென்றால் குளிராகவே சேமியுங்கள். மின்சாரமாகச் சேமித்துப் பிறகு குளிராக்குவது சுற்றுவழி. சுற்றுவழிக்குத்தான் காசு அதிகம்.

5. எங்கள் பால் சேகரிப்பு நிலையத்துக்கு நாளுக்கு ஆயிரம் லீற்றர் வருகிறது. காலையில் வெயில் ஏறும் முன்பே பால் வந்துவிடுகிறது. சூரிய மின்சாரம் எப்படி உதவும்?

நேற்றைய வெயிலால் இன்றைய பாலைக் குளிராக்கலாம். கணக்கைப் பாருங்கள். கறந்த பால் 35 பாகையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 பாகைக்கு இறக்க வேண்டும். 1000 லீற்றருக்கு ஏறக்குறைய 35 அலகு குளிர். அது 370 கிலோ ஐஸ் உருகும் அளவு. ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் குழாய்ச் சுருள்கள்; பகல் முழுவதும் சூரிய மின்சாரத்தில் கொம்பிரசர் ஓட, குழாயைச் சுற்றி ஐஸ் படிகிறது. மறுநாள் காலை பால் வந்ததும் அந்தத் தொட்டியின் 0 முதல் 1 பாகைத் தண்ணீர் பால் கலனைச் சுற்றி ஓடும். அந்த நேரத்தில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது சிறிய பம்பி ஒன்றுக்கு மட்டுமே கவலை.

லாபம் இரண்டு. முதலாவது, கொம்பிரசர் சிறியது போதும். ஐஸ் இல்லாமல் இரண்டு மணி நேரத்தில் அந்தப் பாலைக் குளிராக்க 17 கிலோவாற்றுக் குளிர் தரும் இயந்திரம் வேண்டும். ஆறு மணி நேரம் மெல்ல ஐஸ் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு போதும். இரண்டாவது, பற்றரி தேவையில்லை. ஐஸ் கட்ட நாளுக்கு 15 முதல் 18 அலகு மின்சாரம் போகும். 5 கிலோவாற்றுச் சூரியப் படலங்கள் நல்ல வெயில் நாளில் அதைத் தந்துவிடும். மழைக்காலத்துக்கு மின்சார சபை இணைப்பையும் வைத்திருங்கள். மார்கழி மழையில் வெயிலை நம்பிப் பாலை வைத்திருக்க முடியாது.

குறையும் உண்டு. பாலை நேரடியாகக் குளிராக்குவதைவிட ஐஸ் கட்டுவதற்குச் சற்றுக் கூடுதல் மின்சாரம் வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே போக வேண்டியிருப்பதால் இயந்திரம் கடினமாக உழைக்கிறது. வெயில் இலவசமாக இருக்கும்போது அந்தக் கூடுதலைப் பொறுத்துக்கொள்ளலாம். முழுவதும் பட்டியல் கட்டி ஓட்டுவதென்றால் யோசிக்க வேண்டும்.

6. முல்லைத்தீவில் ஐஸ் தொழிற்சாலை ஏற்கெனவே இருக்கிறது. அதில் சேமிப்பு என்று புதிதாக என்ன?

ஐஸ் கட்டியே சேமிப்புத்தான். ஆனால் அதை அப்படி நடத்துவதில்லை. நமது வெப்பநிலையில் ஒரு தொன் கட்டி ஐஸுக்கு ஏறக்குறைய 60 அலகு மின்சாரம் போகிறது. தொழிற்சாலைக் கட்டணப் பட்டியலில் மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் அலகு விலை கூடுதல். அந்த வேளையில் கொம்பிரசரை நிறுத்தினாலும் உப்புநீர்த் தொட்டியில் பாதி உறைந்த கட்டிகள் அப்படியே நிற்கும். பகலில் கூடுதலாகக் கட்டி, நல்ல காப்புள்ள அறையில் அடுக்கினால் மாலை இயந்திரத்துக்கு ஓய்வு.

அறைச் சுவருக்கு உமி பயன்படும். இரட்டைச் சுவர் எழுப்பி இடையில் நன்றாகக் காய்ந்த உமியை இறுக்கி நிரப்பலாம். ரெஜிபோம் அளவுக்கு வராவிட்டாலும் ஓரடித் தடிப்பில் நன்றாகவே தாங்கும். ஈரம் ஏறினால் காப்பு போயிற்று, எலியும் வரும். எனவே இருபுறமும் பொலித்தீன் விரிப்பு கட்டாயம். மீனோடு சேரும் ஐஸில் உமி படவே கூடாது. கடலுக்குப் போகும் படகில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது வெப்ப நாடுகளில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதைக் குறைக்க வழி தேடும் சம்மாட்டிமாருக்கு மறுபடியும் 3ஆம் பதிலைத்தான் காட்டுவேன்: பெட்டியின் சுவரைத் தடிப்பாக்குங்கள்.

7. கரண்ட் போனால் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி என்ன ஆகும்?

இதற்கென்றே ஐஸ் சுவர் வைத்த குளிர்ப்பெட்டிகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் தரப்படி, வெளியே 43 பாகை வெயிலிலும் மின்சாரம் இல்லாமல் குறைந்தது 20 மணி நேரம் உள்ளே குளிர் நிற்க வேண்டும். பற்றரி இல்லாமல் நேரே சூரியப் படலத்தில் ஓடும் வகைக்கு, வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்க வேண்டும் என்பது நிபந்தனை. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்த நாட்டுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

8. கூரையில் சூரியப் படலம் போட்டிருக்கிறேன். மின்சார சபை பகலில் நிறுத்து என்கிறது. அந்த மின்சாரத்தை வெப்பமாகப் பிடிக்கலாமா?

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் வேளையில் கூரைத் தொகுதிகளை நிறுத்தி வைக்கும்படி சபை கேட்டதைத்தான் சொல்கிறீர்கள். தொழிற்சாலைகள் மூடிய நாளில் தேவை குறைவு, வெயில் அதிகம். மின் வலையமைப்பின் சமநிலை ஆட்டம் காணும். அதே ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், நாடு முழுவதும் இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த நேரத்தில் வீட்டிலேயே மின்சாரத்தைச் செலவழிக்கக் கிடைக்கும் மலிவான வழி ஒரு வெந்நீர்த் தொட்டி. 200 லீற்றரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்றினால் 7 அலகுக்கு மேல் உள்ளே போகும். ஆனால் வன்னியில் வெந்நீரில் குளிப்பவர் யார்? தங்கு விடுதி, மகப்பேற்று விடுதி, பால் கலன் கழுவும் இடம், உணவகம்: இவற்றுக்குச் சரி. வீட்டுக்காரருக்குக் கிணற்றுப் பம்பியைப் பகலில் ஓட்டி மேல்தொட்டியை நிரப்புவதும், ஆழ்குளிர்ப் பெட்டியில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைப்பதும் கூடுதல் பயன். ஒன்று கவனியுங்கள்: வலையமைப்போடு இணைந்த சாதாரண இன்வேர்ட்டரை அணைத்தால் உங்கள் வீட்டுக்கும் சூரிய மின்சாரம் வராது. வெளியே அனுப்பாமல் உள்ளே மட்டும் பயன்படுத்த அதற்கேற்ற இன்வேர்ட்டர் அமைப்பும் சபையின் ஒப்புதலும் வேண்டும்.

9. ஸ்பெயினில் உப்பை உருக்கி மின்சாரம் எடுக்கிறார்களாம். ஆனையிறவில் உப்பு மலைமலையாகக் கிடக்கிறதே!

இந்தக் கேள்வியைக் கேட்காத கூட்டம் இல்லை. அது வேறு உப்பு. ஆனையிறவு உப்பு சோடியம் குளோரைட்டு. உருக 801 பாகை வேண்டும். அந்தச் சூட்டில் குழாயும் தொட்டியும் அரித்துப்போகும். ஸ்பெயினில் பயன்படுவது சோடியம் நைத்திரேற்று 60, பொற்றாசியம் நைத்திரேற்று 40 என்ற வீதத்தில் கலந்தது. பசளை வகையைச் சேர்ந்தது. 240 பாகைக்குள்ளேயே உருகிவிடும். 565 பாகைவரை தாங்கும். அந்தாசோல் முதல் நிலையத்தில் 28,500 தொன் உப்பு இருக்கிறது. 50 மெகாவாற்றை 7.5 மணி நேரம் ஓட்ட அது போதும். 2011இல் தொடங்கிய ஹெமசோலார் நிலையம் 15 மணி நேரம் தாங்கும். இரவு முழுவதும் ஓடிய நாட்கள் உண்டு.

ஆனையிறவு உப்புநீருக்கு வேறொரு வேலை இருக்கிறது: சூரியக் குளம். குளத்தின் அடியில் செறிந்த உப்புநீர், மேலே நல்ல நீர். அடிநீர் சூடாகியும் கனம் காரணமாக மேலே வர முடியாது; எனவே 80 பாகைக்கு மேலும் ஏறும். குஜராத்தின் பூஜ் நகரில் 6000 சதுர மீற்றர்ச் சூரியக் குளம் ஒரு பாற்பண்ணைக்கு வெந்நீர் கொடுத்தது. அடுக்குகள் கலையாமல் பார்ப்பது, பாசி பிடிக்காமல் வைத்திருப்பது, காற்றுக்கு அலை எழாமல் தடுப்பது என்று வேலை ஓயாது. கச்சான் காற்று மாதக்கணக்கில் வீசும் வெளியில் அது லேசான காரியமல்ல. பரிசோதித்துப் பார்க்கப் பல்கலைக்கழகம் ஏதாவது முன்வந்தால் மகிழ்வேன். சங்கத்தின் பணத்தைப் போடச் சொல்ல மாட்டேன்.

10. அப்படியானால் அந்த நைத்திரேற்று உப்பை வாங்கி வன்னியில் ஒரு மின்நிலையம் போடலாமே? வெயிலுக்கா பஞ்சம்?

வெயிலுக்குப் பஞ்சமில்லை, நேர்க்கதிருக்குத்தான் பஞ்சம். கண்ணாடிகளால் குவிக்க வேண்டுமானால் கதிர் நேராக வர வேண்டும். நமது வானத்தில் ஈரமும் மெல்லிய முகிலும் கதிரைச் சிதறடிக்கின்றன. சாதாரணச் சூரியப் படலம் சிதறிய ஒளியையும் வாங்கிக்கொள்ளும். குவிக்கும் கண்ணாடியால் முடியாது. இந்த நிலையங்களுக்கு ஆண்டில் சதுர மீற்றருக்கு 2000 அலகு நேர்க்கதிர் தேவை என்பார்கள். ராஜஸ்தான் பாலைவனம் அதை எட்டும்; வன்னி எட்டாது. எட்டும் நாட்டிலும் தொல்லை உண்டு: அமெரிக்காவின் நெவாடாவில் 110 மெகாவாற்று கிரசென்ற் டியூன்ஸ் நிலையம் 2016இல் உப்புத் தொட்டி கசிந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

சூட்டை மின்சாரமாக்கும்போது இயற்கை ஒரு வரி வசூலிக்கிறது. 565 பாகையிலிருந்து எடுத்தால்கூட நடைமுறையில் 40 சதவீதம் அளவே மின்சாரமாகும். 90 பாகை வெந்நீரிலிருந்து என்றால் 10 சதவீதமும் தேறாது. மின்சாரம் கொடுத்து, வெப்பமாக்கி, மறுபடி மின்சாரம் எடுப்பவர்கள் கொடுத்ததில் பாதிக்கும் குறைவையே எதிர்பார்க்கலாம்; லித்தியம் பற்றரி 85 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். விளக்குக்கும் தொலைபேசிக்கும் பற்றரிதான் சரி.

11. பின்லாந்தில் மணல் பற்றரி வைத்திருக்கிறார்களே, நமக்கும் மணல் இருக்கிறதே?

கங்கான்பா என்ற ஊரில் 2022இல் 100 தொன் மணலை உருக்குக் கோபுரத்தில் அடைத்து மிகை மின்சாரத்தால் சூடாக்கினார்கள். 8000 அலகு வெப்பம் பிடிக்கும். அதிலிருந்து வருவது ஊர் வீடுகளுக்கான வெந்நீர், மின்சாரம் அல்ல. பெயரில் பற்றரி என்று இருப்பதால் வரும் மயக்கம் இது. நம்மிடம் வீடு வீடாக வெந்நீர்க் குழாய் இல்லை. ஆவி தேவைப்படும் பெரிய ஆலை ஒன்று மின்சாரம் மிக மலிவான பகல் நேரத்தில் மணலைச் சூடாக்குவது ஒருநாள் பொருந்தலாம். இன்னொன்று: இதற்காக ஆற்று மணலில் கை வைக்கத் தேவையில்லை. உடைத்த கல்லும் தூசும் போதும். மணல் அள்ள இன்னொரு சாட்டு யாருக்கும் வேண்டாம்.

12. நெல்லு காயவைக்க, அவிக்க இது உதவுமா?

அவிக்க உங்களிடம் உமி இருக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதுவே வெயில் சேமித்த எரிபொருள். அதற்கு மேல் செய்ய வேண்டியது ஊறல் தொட்டிக்குக் காப்புப் போடுவதும், வடித்துக் கொட்டும் வெந்நீரின் சூட்டைப் புதுத் தண்ணீருக்கு மாற்றுவதும்தான்.

காயவைப்பது வேறு கதை. பகலில் சூரியக் காற்றுச் சூடாக்கியால் கருங்கல் படுக்கையைச் சூடேற்றி, இரவில் அதன் வழியே காற்றை ஊதலாம். ஒரு கன மீற்றர்க் கல் 30 பாகை இறங்கும்போது ஏறக்குறைய 11 அலகு தரும். அது ஒன்றிரண்டு மூட்டை ஈர நெல்லுக்குத்தான் காணும். காலபோக அறுவடையில் லொறி லொறியாக வரும் நெல்லுக்கு மலையையே குவிக்க வேண்டும். மிளகாய், கருவாடு, பனங்கிழங்கு ஒடியல் போன்ற விலை கூடிய, அளவு குறைந்த பொருளுக்குக் கல் படுக்கை பொருந்தும். இரவுப் பனியில் திரும்ப ஈரம் ஏறாமல் வைத்திருந்தாலே ஒரு நாள் மிச்சம்.

13. புது வீட்டுக்குக் கொங்கிரீட் தட்டுப் போட்டோம். இரவில் உள்ளே படுக்க முடியவில்லை. இதற்கும் நீங்கள் சொல்வதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. உங்கள் தட்டு ஒரு வெப்பக் களஞ்சியம். கேட்காமலேயே கட்டிய களஞ்சியம். மதியம் மேலே ஏறிய சூடு ஐந்தங்குலத் தட்டைக் கடந்து, நீங்கள் பாய் விரிக்கும் நேரத்தில் கீழே வருகிறது. தகரக் கூரை பகலில் வதைத்தாலும் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும், அதற்குக் கனமில்லை. பழைய மண்வீட்டில் கனம் சுவரில், கிடுகின் நிழலில் இருந்தது, கூரையில் இருக்கவில்லை.

காப்பைத் தட்டின் மேலே போடுங்கள், கீழே அல்ல. அதுவும் முடியாவிட்டால் வெள்ளைப் பூச்சு. மேலே பந்தல் போட்டுக் கொடி படர விட்டாலும் பலன் தெரியும்.

14. மன்னார்க் காற்றாலை மின்சாரத்தை இப்படிச் சேமிக்கலாமா?

தம்பபவனியில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற்று. காற்று வலுவாக வீசுவது வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை. டென்மார்க்கில் காற்று மிகும்போது மின்கொதிகலனால் வெந்நீர்க் குழிகளைச் சூடாக்குகிறார்கள். நமக்குப் பொருந்துவது 6ஆம் பதிலில் சொன்னதுதான்: மின்சாரம் மிகும் நேரத்தில் ஐஸ் ஆலையையும் குளிர் அறையையும் ஓட்டுவது. அதற்கு நேரத்துக்கு நேரம் மாறும் மலிவுக் கட்டணத்தைச் சபை தர வேண்டும். தராதவரை எந்த ஆலைக்காரரும் தம் வேலை நேரத்தை மாற்ற மாட்டார். மாற்றச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

15. மெழுகில் சேமிக்கும் பெட்டி என்று ஒருவர் விற்க வந்தார். வாங்கலாமா?

மெழுகு உருகும்போது கிலோவுக்கு ஏறக்குறைய 200 கிலோயூல் வாங்கும். ஐஸைவிடக் குறைவு, ஆனால் வேண்டிய வெப்பநிலையில் உருகும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். சூடு உள்ளே மெதுவாகத்தான் ஓடும், எனவே உள்ளே உலோகத் தகடுகள் வேண்டும். தீப்பற்றும், விலையும் கூடுதல். மருந்து கொண்டுபோகும் பெட்டிக்குச் சரி. வெந்நீருக்கோ பாலுக்கோ தண்ணீரும் ஐஸும் போதும்.

விற்க வருபவரிடம் எத்தனை அலகு பிடிக்கும், எந்த வெப்பநிலையில் திருப்பித் தரும், ஒரு இரவு சும்மா விட்டால் எத்தனை அலகு குறையும், பழுதானால் திருத்துபவர் வவுனியாவில் இருக்கிறாரா கொழும்பிலா என்று கேளுங்கள். அமோனியா வாயு ஓடும் இயந்திரமோ அழுத்தத்தில் நிற்கும் வெந்நீர்த் தொட்டியோ என்றால், பாதுகாப்பு வால்வைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். அலகுக் கணக்கு எதுவும் சொல்லாமல் 'நெடுநேரம் தாங்கும்' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால், முற்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.